நீலகிரிக்கென்று ஒரு கட்டடக்கலை உண்டா? பால் வைத்த இடத்திலிருந்து ஒரு பதில்

கோவையில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தஞ்சாவூர், மதுரை என்றால் கட்டடமும் சிற்பமும் பாட்டும் சடங்கும் சேர்ந்தே வளர்ந்த கதை இருக்கிறது, ஆனால் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய சர்ச்சுகளையும் பங்களாவையும் ரயில்வே ஸ்டேஷனையும் விட்டால் என்ன இருக்கிறது, அதற்கு முன்னால் இங்கே இருந்ததெல்லாம் வெறும் குடிசைதானா என்று கேட்டிருந்தார்.

நான் குன்னூர் பக்கம் இருபத்தைந்து வருஷமாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கல்சுவர், சுண்ணாம்பு, ஓட்டுக்கூரை, இதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உண்டு. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோபுரத்தையும் தூணையும் தேடிய கண்ணோடு வந்தால் ஒன்றும் தெரியாது. இந்த மலையில் ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இவர்கள் பாலை எங்கே வைத்தார்கள்?

இந்த மலையில் எருமை மேய்த்து வாழும் பழங்குடிகளான தோடர்களிடமிருந்து தொடங்குவோம். ஊட்டி என்ற பேரே அவர்களுடையதுதான். ஒத்தக்கல் மந்து என்பதுதான் உதகமண்டலம் ஆனது என்பார்கள். மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு, நாலைந்து வீடுகள், எருமைப் பட்டி, அப்புறம் கொஞ்சம் தள்ளி ஒரு பால்மனை. அந்தப் பால்மனைதான் கோயில். உள்ளே சிலை கிடையாது. பால் கறக்கும், தயிர் கடையும் பாத்திரங்களும், எருமைகளுக்குரிய பழைய மணிகளும், ஒரு விளக்கும்தான் (மணியை அவர்களும் மணி என்றே சொல்கிறார்கள்). அங்கே பூசாரியின் வேலை மந்திரம் ஓதுவதோடு நிற்பதில்லை, கறப்பதும் கடைவதும் வெண்ணெய் எடுப்பதும் அவர் வேலை, அதுதான் பூசை. இதைப் புரிந்துகொண்டால் கட்டடம் தானாகப் புரியும். உள்ளறையில் புனிதப் பாத்திரங்கள், வெளியறையில் பூசாரி படுக்கும் திண்ணை, நடுவில் ஒரு தடுப்பு. கர்ப்பகிருகம், அர்த்தமண்டபம் என்று கோயிலில் நாம் பார்ப்பதும் இதே மாதிரி ஒரு பிரிப்புதானே, தூய்மையின் படிகளைச் சுவராக மாற்றுவது. பால்மனைகளில் சில கூம்பு வடிவம், வைக்கோல் போரை ஒட்ட ஒட்டச் சீவி உயர்த்தின மாதிரி நிற்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் இருப்பது அந்த வகை. அதைச் சுற்றி இடுப்பளவு கல்சுவர், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமே நீங்கள் நின்றுவிட வேண்டும்.

வீடு அரைப் பீப்பாய் வடிவம். மூங்கிலை வில்லாக வளைத்து இரண்டு முனையையும் தரையில் ஊன்றி, பிரம்பால் இறுகக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். சுவர் வேறு கூரை வேறு என்றே கிடையாது, கூரையே தரைவரை இறங்கிவிடும். முன்னும் பின்னும் மட்டும் பலகை அல்லது கல். கதவு மூன்றடிகூட இருக்காது, மண்டியிட்டுத்தான் உள்ளே போக முடியும். நான் முதல் தடவை போனபோது தலையை முதலில் நுழைத்துவிட்டு உடம்பை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றேன். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, தோளைச் சாய்த்து ஒரு கையை முன்னால் ஊன்றி வா என்று காட்டினார்கள். உள்ளே போனதும் முதலில் தெரிந்தது கதகதப்பு. வெளியே ஜனவரி, புல்மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது, உள்ளே அடுப்பின் சூடு அந்த வளைந்த கூரைக்குள் சுழன்றுகொண்டே இருக்கிறது, மூலை என்று ஒன்று இல்லாததால் குளிர் ஒதுங்க இடமில்லை. புகைபோக்கி கிடையாது. புகை புல்லுக்குள்ளேயே கசிந்து வெளியேறும், போகிற போக்கில் புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கும். ஒரே புகை இரண்டு வேலை செய்கிறது. இதை யோசித்துச் செய்தவர்களை "வெறும் குடிசை" என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனசு வராது.

இப்போது நீங்கள் படித்த வரலாற்றுக்கு வாருங்கள். இந்தத் தோடர் வீட்டை முன்னால் நின்று பார்த்தால் தெரியும் அந்த வளைவு எங்கே இருக்கிறது தெரியுமா? பீகாரில் பராபர் மலையில் லோமச ரிஷி குகை, கி.மு. 3ஆம் நூற்றாண்டு, அதன் வாசலில் மரத்தையும் வேய்ந்த கூரையையும் அப்படியே கருங்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பீம ரதத்தின் கூரை நீளப் பீப்பாய் வடிவம், பக்கத்திலேயே திரௌபதி ரதம் புல்வேய்ந்த குடிசையின் கல் நகல். நம் ஊர்க் கோபுரங்களின் உச்சியில் கலசங்கள் வரிசையாக நிற்கிற பகுதியைக் கவனியுங்கள், அதுவும் சாலை என்று சிற்பிகள் சொல்லும் அதே பீப்பாய்க் கூரைதான். கோயில் விமானத்தில் வரிசையாக வரும் லாட வடிவ வளைவுக்கு நம் ஸ்தபதிகள் வைத்த பேர் என்ன? கூடு. பறவைக் கூடு என்கிற அதே கூடு. தோடர்களிடமிருந்து பல்லவர்கள் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. சமவெளியில் மூங்கிலும் புல்லும் மரமும் கல்லாக மாறி, கல் சாஸ்திரமாக மாறி, மூல வடிவம் கோபுர உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மலையில் அந்த மூங்கிலே இன்னும் கையில் இருக்கிறது. இந்தியக் கட்டடக்கலை வரலாறு எழுதினவர்கள் குகைக்கோயில் வளைவுகளுக்கு விளக்கம் தேடி இந்த மந்துகளைப் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

கலை எங்கே என்று கேட்டீர்கள். சில பால்மனைகளின் முகப்புக் கல்லில் எருமைத் தலையும் சூரியனும் சந்திரனும் புடைப்பாக இருக்கும். அதே எருமைக் கொம்பு, பெண்கள் பூதுக்குளி என்ற போர்வையில் போடும் தையலிலும் வரும். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் நூல், துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது இதற்குத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த எருமை இன்றைக்கு நேற்று வந்தது இல்லை. இந்த மலையில் கற்குவியலுக்கு அடியில் இருந்த பழைய புதைகுழிகளை நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் தோண்டினார், அவர் 1872ல் இறந்துபோனார், மறு வருஷம் அந்த விவரங்கள் அச்சாயின. அப்படிக் கிடைத்த மண்தாழி மூடிகளின் உச்சியில் எருமை உருவங்கள் நிற்கின்றன. சில இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்த ஜனங்கள் யார் என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், மூடியின் கைப்பிடியாக ஒரு எருமையை வைக்கத் தோன்றியதே, அந்தக் கை எனக்குப் பழக்கமான கையாகத் தெரிகிறது.

அடுத்து படகர்கள், இந்த மலையில் விவசாயம் செய்யும் சமூகம். ஊரை ஹட்டி என்பார்கள். சரிவின் குறுக்கே, மலை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து, ஒரே வரிசையில் வீடுகள். ஒரு வீட்டின் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், முன்னால் நீளமாக ஒரு பொது முற்றம். காற்றுக்கு எதிரே தனியாக நிற்கும் வீடு நான்கு பக்கமும் அடிவாங்கும், வரிசையில் இருப்பது முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான். சரிவில் படிக்கட்டு வயல் போடுகிற அதே அறிவுதான் இந்த வரிசையிலும் இருக்கிறது. மண்ணை வெட்டி மலையை எதிர்க்காமல் அதன் போக்கில் ஒரு தட்டு எடுத்துக்கொள்வது. முற்றத்தில்தான் தானியம் காயும், கல்யாணம் நடக்கும், ஆட்டம் நடக்கும், சாவு வீட்டில் ஊர் கூடும். படகர் ஆட்டத்தைக் கல்யாண மண்டபத்து மேடையில் பார்த்திருப்பீர்கள், அந்த வட்டமும் அந்த நிதானமான அடியும் நீள முற்றத்துக்காகவே அமைந்த மாதிரி இருக்கும். மேடையில் அது திணறுகிறது என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

பழைய படகர் வீட்டுக்குள் முன்கட்டு ஒன்று, உள்கட்டு ஒன்று. உள்ளே ஒரு சின்ன அறை, ஹாகோட்டு என்று பேர், பால் அறை. அந்தக் காலத்தில் ஆண்கள் மட்டுமே அதற்குள் போவார்கள். பாலும் தயிரும் மோர்மத்தும் அங்கேதான் இருக்கும். பெண்ணுக்கு அந்தப் படி மறுக்கப்பட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தூய்மை என்று எங்கே சுவர் எழுந்தாலும் அதற்கு வெளியே யாரையோ நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருக்கிறது, கட்டடத்தைப் படிக்கிறவர் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் ஓடு மாற்றப் போயிருந்தேன். கேஸ் அடுப்பு வந்து, மாடு போய், பாக்கெட் பால் வந்த வீடு. அந்த அறையில் உரமூட்டை அடுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, சுத்தமாகத் துடைத்து ஒரு விளக்கு ஏற்றியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பால் போன பிறகும் அது வைத்திருந்த இடம் அப்படியே நின்றது. எழுபது வயதுப் பெரியவர் அந்த வாசலில் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன்.

கோத்தர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுவதில்லை, அது எனக்கு வருத்தம். கொல்லுப்பட்டறை, மண்பானை, தச்சு, இசை எல்லாம் அவர்கள் கையில். தோடருக்கும் படகருக்கும் கத்தியும் கோடரியும் பானையும் செய்துகொடுத்தவர்கள், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குக் கொள் என்ற குழலும் பறையும் வாசித்தவர்கள். தெருவுக்கு அவர்கள் மொழியில் கேர். கோத்தர் கேரிதான் கோத்தகிரி ஆனது என்று சொல்வார்கள், அதாவது அந்த ஊரின் பேரே ஒரு வீட்டு வரிசையின் பேர். அவர்கள் கும்பிடுவது அய்யனோரையும் அம்மனோரையும். திருவிழாவில் கோயில் கூரையைப் புதுப்பிப்பதும் சடங்கில் சேர்த்தி, அது இசையோடு நடக்கும். கட்டுவதற்கே தனிப் பாட்டு இருக்கிற இடத்தில் "கட்டடத்துக்கும் கலைக்கும் என்ன தொடர்பு" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பழனி மலையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், அங்கே என் அனுபவம் குறைவு. தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன, மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஊரார் குள்ளர் குகை என்பார்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலும் கீழே இறங்கும் படிக்கட்டு வயல்களும் வீடுகளும் சேர்ந்து ஒரே ஊராக நிற்பதை மேலே ரோட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது 1845ல். அதற்குப் பிறகு நடந்தது ஊட்டியின் கதைதான், கொஞ்சம் சின்ன அளவில்.

சரி, வெள்ளைக்காரர்களுக்கு வருவோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் மலை ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா, அப்புறம் 1822ல் ஊட்டியில் ஒரு கல்வீடு. மலை ஜனங்கள் அதைக் கல் பங்களா என்றார்கள், இன்றைக்கும் அந்த மேட்டுக்கு ஸ்டோன் ஹவுஸ் என்று பேர், அரசு கலைக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் கிராம வீட்டிலிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கத்துக் குடிசையின் பேரை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து ஞாபகத்தில் ஒரு வீடு, நீலகிரிக் கல்லில், தமிழ்க் கொத்தனார்களின் கையால். தூய பிரிட்டிஷ் கட்டடம் என்று ஊட்டியில் எதையும் என்னால் காட்ட முடியாது. செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் போட்டார்கள், 1831 ஈஸ்டருக்குத் திறந்தார்கள், வரைந்தவர் கேப்டன் அண்டர்வுட். வெளியே பார்த்தால் இங்கிலாந்து. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கூரையைத் தாங்குகிற பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையை இடித்து எடுத்து வந்த மரம். திப்பு 1799ல் போரில் இறந்தார், முப்பது வருஷம் கழித்து அவர் வீட்டு மரம் இந்த மலைமேல் ஏறியது. தோற்றவனின் வீட்டை ஜெயித்தவன் தன் கோயிலுக்குத் தூக்கிப்போவது நம் மன்னர்களும் செய்ததுதான், ஆனால் மரம் பேசாமல் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

நீலகிரி நூலகத்தையும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியையும் வரைந்தவர் ராபர்ட் சிஷோம். இதே மனிதர் சென்னையில் 1879ல் முடித்த செனட் ஹவுஸில் குவிமாடமும் வண்ண வேலையுமாக, இந்திய, இஸ்லாமிய வடிவங்களைக் கலந்த இந்தோ சாரசெனிக் பாணியில் ஆடித் தீர்த்திருக்கிறார். ஊட்டியில் மட்டும் ஐரோப்பிய பாணியிலேயே நின்றுவிடுகிறார். ஏன்? என் கருத்து இது: சமவெளியில் கட்டியது ஆளுவதற்கு, அதனால் இந்த மண்ணின் பழைய ராஜாக்களின் உடை தேவைப்பட்டது. மலையில் கட்டியது ஊர் ஏக்கத்துக்கு, அதற்கு வேறு யார் உடையும் தேவைப்படவில்லை. தோடர் வீட்டுக்குப் பால் எப்படியோ அப்படி இந்த பங்களாக்களுக்குக் கணப்பு, அதாவது குளிர்காயச் சுவரில் பதித்த அடுப்பு. வரவேற்பறையில் கணப்பு, படுக்கையறையில் கணப்பு, அதைச் சுற்றியே நாற்காலிகள், அதன் மேல் பலகையில் செத்துப்போன உறவினரின் படம். அதுதான் அவர்கள் வீட்டுச் சாமியறை.

அவர்கள் கொண்டுவந்த இன்னொன்று, பெரிய விஷயம், ஜன்னல். நான் பார்த்த பழைய மந்து வீட்டிலோ ஹட்டி வீட்டிலோ பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று ஒரு ஜன்னல் வைத்ததே கிடையாது. மலை அவர்களுக்குக் காட்சி இல்லை, மேய்ச்சல், விறகு, சாமி. நாள் முழுக்க வெளியில் இருப்பவனுக்கு வீட்டுக்குள் வந்தபிறகு எதற்கு மலை? வெளியே துருத்திக்கொண்டு மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஜன்னல், வெராண்டா, புல்வெளி, இதெல்லாம் மலையைப் படமாகப் பார்க்க வந்தவர்களின் தேவை. இன்று ரிசார்ட்டுகளில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்து "வியூ" என்று காசு வாங்குவது அங்கே தொடங்கின சரடுதான்.

மங்களூர் ஓடு இல்லாமல் இந்தக் கதை முடியாது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1846 வாக்கிலேயே ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருந்தது, அதே மிஷன் 1865ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் பிறகு பங்களாவுக்கும் ஹட்டிக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கும் ஒரே சிவப்புக் கூரை. இப்போது நாம் "மலை வீடு" என்று மனசில் வைத்திருக்கும் படம் அந்த ஓட்டின் நிறம்தான்.

இப்போது என் வேலையிலிருந்து ஒன்று. குன்னூரில் நூறு வருஷம் தாண்டிய ஒரு பங்களா, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒரு கான்ட்ராக்டர் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துக்கொடுத்திருந்தார். இரண்டு மழைக்காலத்தில் உள்சுவர் உப்பி, விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். கூரையில் ஒன்றும் இல்லை, ஓதம் சுவரிலிருந்துதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும், சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிட்டது. பூச்சைக் கொத்தி எடுத்தோம், கல்லை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டோம், சுண்ணாம்பை ஊறப்போட்டு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து மறுபடி பூசினோம். எங்கள் பெரிய மேஸ்திரி சாந்தைக் கரணையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்புவார். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் சுவரில் போடுவார், விழுந்தால் திரும்ப இடிக்கச் சொல்வார், அன்றைக்கு ஐந்து தடவை இடிக்கவைத்தார். அவருக்குப் பிறகு இதைச் செய்ய இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது.

மந்துகளிலும் பிரச்சினை கிட்டத்தட்ட இதுதான். பால்மனை வேய்வதற்குச் சதுப்பில் முளைக்கும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும், கட்டப் பிரம்பு வேண்டும், வளைக்கிற பதத்தில் மூங்கில் வேண்டும். புல்வெளியில் தைலமரமும் சீகை மரமும் நட்டாயிற்று, மிச்சத்தில் தேயிலை, சதுப்புகள் காய்ந்து காய்கறித் தோட்டமாயின. தோடர்கள் பீப்பாய் வீட்டை விட்டு கான்கிரீட்டுக்குப் போனதை அழகுணர்ச்சி குறைந்த கதையாக யாரும் எழுத வேண்டாம். அவர்களுக்கும் நிமிர்ந்து நடக்கிற வீடு வேண்டும், கேட்பது நியாயம். ஆனால் பால்மனைக்கு மட்டும் இன்றும் புல்தான் தேடிப் போகிறார்கள், முன்னைவிட ரொம்ப தூரம். ஹட்டிகளுக்குப் பக்கத்தில் மலையை ஜேசிபியால் செங்குத்தாக வெட்டித் தூண்மேல் ஏற்றும் மாடிகளைப் பார்க்கும்போது எனக்கு பயம் வருகிறது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், அந்த வாரம் மண்ணில் நின்றவன் நான்.

தம்பி, நேரில் வருவதாக இருந்தால் ஜனவரியில் வாருங்கள். முத்தநாட்டில் அனுமதி கேட்டு, சுவருக்கு வெளியே நின்று வரையுங்கள், போட்டோவைவிடக் கையால் வரைவது நல்லது, உயரத்துக்கும் வளைவுக்கும் நடுவில் இருக்கும் விகிதம் அப்போதுதான் கைக்கு வரும். அதே வாரம் ஒரு ஹட்டியில் முற்றத்தின் நீளத்தை அளந்து, எத்தனை வீடு சேர்ந்து அந்த நீளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கூப்பிட்டால் போங்கள், டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டுப் பால் அறை எது என்று கேளுங்கள். திருவிழா நாளாக இருந்தால் யாராவது ஒருவர் எழுந்து வந்து வாசலில் நின்று காட்டுவார்.